எவ்விதத் தொடர்பும் இல்லை

எங்கள் வீட்டில் ‘கடை’ என்றால் கொழும்பு. திருநெல்வேலி டவுணில், தேர் வீதியிலேயே, அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஜவுளிக்கடை இருந்த காலத்தில்கூட அதை ‘நம்ம யாவாரம்’ என்றுதான் சொல்வார்கள். கடை என்ற சொல்லைத் தாத்தா ஏற்கெனவே கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர் சின்ன வயதில் தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்க் கொழும்பில் துணி விற்றவர். மூத்த மகனான என் அப்பாவை இங்கே வைத்துக்கொண்டு, இளையவரான சித்தப்பாவை அங்கே அனுப்பினார். சித்தப்பா அங்கேயே பெண் எடுத்து, அந்த நாட்டுக்காரராகவே ஆகிவிட்டார். “கடையில மழையாம்”, “கடையில இருந்து கடுதாசி வந்துட்டு” என்று அம்மா சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது எந்தக் கடை என்று தெரியும்.

வெளிநாடு என்பது வேறு. அது துபாய், சிங்கப்பூர். அங்கிருந்து வருகிறவர்களிடம் சென்ட் வாசனை அடிக்கும், கையில் டேப் ரெக்கார்டர் இருக்கும். சித்தப்பா நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும்போது வேட்டியும் ஒரு ரெக்சின் பையுமாக வந்து, காலையில் அப்பாவோடு குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போவார். அவரை வெளிநாட்டுக்காரர் என்று சொன்னால் எங்கள் தெருவே சிரித்திருக்கும். உண்மையைச் சொன்னால் மெட்ராஸ்தான் எங்களுக்கு அதைவிட அன்னியமான ஊராக இருந்தது.

இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், நான் அன்று செய்த காரியத்தை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பொய் சொல்லியிருப்பாய், இப்போது கதை விடுகிறாய் என்றுதான் நினைக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலைக்குத் தேர்வெழுதி, நேர்முகத்துக்கும் போய் வந்தேன். எந்த நிலையம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், பழக்கதோஷம். தேர்வாகிவிட்டீர்கள், ஆனால் பாதுகாப்பு விசாரணை முடிந்த பிறகே பணி ஆணை என்று ஒரு கடிதமும், அதோடு ஒரு தடித்த படிவமும் வந்தன. மூன்று பிரதிகள் எழுத வேண்டும். எங்கே பிறந்தாய், எந்தத் தெருவில் எத்தனை வருடம் இருந்தாய், அப்பா எங்கே பிறந்தார், யாராவது வழக்கில் மாட்டியதுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. தவறான தகவல் கொடுத்தாலோ, உண்மையை மறைத்தாலோ வேலை கிடையாது.

அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

“வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாப்பா?”

அப்பா உண்மையிலேயே யோசித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “உங்க அத்தை வகையில ஒருத்தன் துபாய்க்குப் போனாம்லா? அவன்தான் திரும்பி வந்துட்டானே. வேற யாரு? யாரும் இல்ல. இல்லன்னு எழுது.”

மூன்று பிரதிகளிலும் இல்லை என்று எழுதினேன். எனக்குப் பூகோளம் தெரியும். கொழும்பு எந்த நாட்டின் தலைநகரம் என்று யாராவது கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். தேர்வானதற்கு வாழ்த்துச் சொல்லி சித்தப்பா எழுதிய நீலநிற ஏர்மெயில் கடிதம் அதே மேஜையில்தான் கிடந்தது. அப்படியும் உறைக்கவில்லை. கேள்வி வெளிநாட்டைப் பற்றியல்லவா இருந்தது!

என் பயமெல்லாம் அடுத்த பக்கத்துக் கேள்வியில் இருந்தது. குடும்பத்தில் யாராவது நீதிமன்றத்தால் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டதுண்டா? எங்கள் வீட்டில் அது பேசக்கூடாத பேச்சு. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனது. கடனுக்குத் துணி எடுத்தவர்கள் பணம் தரவில்லை, அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் விடவில்லை. கடைசியில் அப்பா மஞ்சள் கடுதாசி கொடுத்தார். என்னிடம் ஒன்றுமில்லை, கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் சொல்லிக் கடன்காரர்களுக்கு அனுப்பும் நோட்டீசுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ‘மஞ்சக்கடுதாசி வீடு’ என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னைச் சொன்னாள். அவளோடு நான் இன்றுவரை பேசவில்லை.

கோர்ட்டு அப்பாவை விடுவித்தது. சட்டப்படி அவர் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆனால் அப்பா, “கோர்ட்டு விட்டுட்டு, சரி. நான் போட்ட கையெழுத்து என்னைய விடல்லியே” என்று சொன்ன மனிதர். இன்னொருவர் கடையில் கணக்கெழுதப் போனார். சித்தப்பா கொழும்பிலிருந்து பாங்கு டிராப்டாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு டிராப்டு வந்ததும் அப்பா ஒரு கடன்காரர் வீட்டுக்குப் போய் வருவார். ஏழு வருடத்தில் எல்லாம் தீர்ந்தது.

“இதுக்கு என்னப்பா எழுத?” என்று கேட்டேன்.

“உள்ளத எழுது. மறைச்சா நல்லாருக்காது.”

உள்ளதை எழுதினேன். பிறகு அத்தனையும் அடைக்கப்பட்டது என்றும் சேர்த்து எழுதினேன். எழுதும்போது காது சூடாகியது. இந்த ஒரு வரியால் வேலை போய்விடும் என்று இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அம்மா நெல்லையப்பர் கோயிலில் எதையெதையோ நேர்ந்துகொண்டாள்.

விசாரணை அதிகாரி ஒரு முற்பகலில் ஸ்கூட்டரில் வந்தார். சாதாரண உடுப்பு, மதுரைப் பக்கத்துப் பேச்சு. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெருமுனை அல்வாக்கடைக்குப் போயிருக்கிறார். அந்தக் கடை அண்ணாச்சி அப்பாவின் பழைய கடன்காரர்களில் ஒருவர். பழைய கடன்காரனிடம் போய் ஒரு மனிதனைப் பற்றி விசாரிப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எங்கள் அண்ணாச்சி அப்பாவைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாது. அண்ணாச்சி குறை சொல்லாததே எங்களுக்கு வினையாகும் என்பது எங்களுக்கும் தெரியாது.

அதிகாரி தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“உன் வேலை முடிஞ்ச மாதிரிதான் தாயி. நல்லா எடுத்துச் சொல்லிட்டேன். இந்த ஊர்ல மஞ்சக்கடுதாசி குடுத்தவன் எத்தனையோ பேரு இருக்கான் சார், குடுத்த பொறவும் வீடு தேடி வந்து பைசா பாக்கி இல்லாம அடைச்ச மனுசன் இவரு ஒருத்தருதான்னு சொன்னேன். அவரு, எப்படி அடைச்சாருன்னு கேட்டாரு. கொழும்புல தம்பி இருக்காரு சார், தங்கமான தம்பி, மாசாமாசம் அங்கன இருந்து பணம் அனுப்பித்தான அடைச்சாருன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார்; அதுவும் எங்கள் கடனையெல்லாம் அடைத்தவர். அதுவும் இலங்கையில். அந்த வருடங்களில் இலங்கை என்ற சொல்லைக் கேட்டாலே போலீஸ்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே பெருமையான விஷயம் எதுவோ, அதுவே காகிதத்தில் பார்த்தால் மிகவும் சந்தேகத்துக்குரியதாக இருந்தது. அண்ணாச்சி மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனிதர் நல்லெண்ணத்தோடு நின்றுகொண்டு காப்பி வருமா என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். அதட்டவில்லை. படிவத்தைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டி, “நீங்க எழுதினதுதானம்மா? இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?” என்றார்.

“வெளிநாடுன்னு கேட்டதுனால...” என்று தொடங்கினேன். எம்.எஸ்ஸி. படித்த பெண் சொல்லக்கூடிய பதிலா அது?

அப்பா சொன்னார். “சார், கொழும்ப நாங்க வெளிநாடுன்னு நெனைக்கதே இல்ல சார். அது எங்க கடை.”

அதிகாரி சிரித்துவிட்டார். அப்பா எழுந்து போய் பழைய டிராப்டுச் சீட்டுகள், கடன்காரர்கள் எழுதிக் கொடுத்த ரசீதுகள் எல்லாம் வைத்திருந்த கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேரமெடுத்துத்தான் பார்த்தார்.

“உங்களை எனக்குப் புரியுது சார்,” என்றார் கடைசியில். “ஆனா மேல இருக்கவங்க உங்களைப் பார்க்கப் போறதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பாங்க. அவங்களுக்கு வேணுங்கிறது ஒண்ணுதான். நாளைக்கு இந்தப் பொண்ணை யாராவது பிடிச்சு இழுக்கணும்னா, அதுக்கு ஒரு பிடி இருக்கா? கடன் ஒரு பிடி. வெளிநாட்டுல இருக்கிற சொந்தம் இன்னொரு பிடி. கடன் அடைஞ்சிருச்சு, அது பரவாயில்லை. இன்னொண்ணுக்குத்தான் வழி சொல்றேன்.”

அவர் சொன்ன வழி இது. கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டேன் என்று நான் ஒரு விளக்கம் தர வேண்டும். கொழும்பில் சித்தப்பா இருக்கிறார், ஆனால் பணம் அனுப்பியது பழைய கதை, இப்போது அவரோடு எங்கள் குடும்பத்துக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்று அப்பா ஒரு காகிதம் எழுதித் தர வேண்டும். இதைச் சொல்லும்போது அவருடைய கண் மேஜைமேல் கிடந்த நீலக் கடிதத்தின் மேல் விழுந்தது. அதைப் பார்த்தார், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் அவரும் நினைத்தார். அன்றைக்கு எங்களுக்குக் கேடு செய்தவர்கள் எல்லோருமே நல்லவர்களாக இருந்ததுதான் விசேஷம்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உள்ளதை எழுதுங்கள், வேலை கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வேலை என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பேனாவைத் திறந்து எழுதினார். கணக்கெழுதுகிறவரின் முத்து முத்தான எழுத்து. ‘எனது இளைய சகோதரருடன் எனக்கோ, எனது குடும்பத்தினருக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லை என உறுதி கூறுகிறேன்.’ கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

என்னோடு தேர்வான மற்றவர்களுக்குப் பணி ஆணை வந்து நாலு மாதம் கழித்து எனக்கும் வந்தது. போய்ச் சேர்ந்தேன்.

முதல் தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், “சித்தப்பா எழுதுதாகளா?”

“எழுதத்தான் செய்யுதாக,” என்றாள் அம்மா, முறுக்குப் பிழிந்துகொண்டே. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் காகிதம் வெறும் காகிதம்தான், வீட்டில் எல்லாம் முன்போலவே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சொன்னதில் பொய்யில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்காதது நான்தான்.

இரண்டு வருடம் போயிருக்கும். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரருடைய அண்ணன் அமெரிக்காவில் இருப்பது ஒருநாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. சொந்த அண்ணன். எப்படி உங்களை எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“எழுதிக் குடுத்தேன். விசாரிச்சாங்க. அவ்வளவுதான்,” என்றார். “இருக்கிறதைச் சொல்லிட்டா அவங்களுக்கு என்ன? ஒளிச்சு வெச்சாத்தான் பயப்படுவாங்க.”

அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அவருடையது அமெரிக்கா, எங்களுடையது இலங்கை, இரண்டும் ஒன்றல்ல என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. முதலிலேயே உள்ளதை எழுதியிருந்தால் இன்னும் சில மாதம் தாமதமாகியிருக்கும், ஒருவேளை கிடைக்காமலும் போயிருக்கும், கிடைத்திருக்கவும் கூடும். இப்போது என்ன ஆகிவிட்டது? சித்தப்பா இருந்தது ஒரு பிடியே இல்லை. அவர் இல்லாததுபோல் எழுதிக் கொடுத்ததுதான் பிடி. அல்வாக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியும். நீலக் கடிதத்தை மாதாமாதம் கொண்டுவந்து போடும் தபால்காரருக்குத் தெரியும். எங்கள் தெருத் தபால்காரர் நினைத்தால் என் வேலையைக் காலி செய்திருக்கலாம். அவர் பொங்கலுக்கு வேட்டி வாங்கிக்கொண்டதோடு சரி.

மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஒரு தடவை அவர் அறை வாசல்வரை போனேன். பயமாக இருந்தது, திரும்பிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். அப்பா, அந்தக் காகிதம் தேவையே இருந்திருக்காது போலிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதையும் விட்டுவிட்டேன்.

ஆனித் தேரோட்டத்துக்கு லீவு போட்டு வந்திருந்த ஒரு வருடம், தேர் நிலைக்கு வந்த மறுநாள் பகலில், அல்வாக்கடை அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடிவந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அவசரத்துக்கு அவர் கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். கொழும்பிலிருந்து சித்தி பேசினாளாம். சித்தப்பா காலையில் கடை திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை.

அம்மா சத்தம் போட்டு அழுதாள். அப்பா அழவில்லை. சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வைத்துத்தான் அம்மா சொன்னாள்.

“ஒங்க அப்பா மூணு வருசமா ஒரு வரி எழுதலட்டி. கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன், அது பொய்யாயிரக் கூடாதுன்னுட்டாக. வந்த கடுதாசியையும் படிக்க மாட்டாக. நான் படிச்சிட்டு, சொகமா இருக்காகளாம்னு சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்க மாட்டாக. நான்தான் மனசு கேக்காம, அண்ணனுக்குக் கை நடுக்கம், எழுத முடியலன்னு ஒரு தடவை எழுதிப்போட்டேன். அந்த மனுசன் அத நம்பி, அங்கன இருந்து வந்த ஆளுகிட்ட தைலம் குடுத்து விட்டாரு.”

மற்றவர்களாயிருந்தால் அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே வழக்கம்போல் கடிதம் எழுதியிருப்பார்கள். அப்பாவுக்கு அது முடியவில்லை. எனக்காக ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டார்; பிறகு அதைப் பொய்யில்லாமல் ஆக்குவதற்குத் தன் தம்பியை விட்டுவிட்டார். கடன்காரர்களுக்கு நேர்மையாக நடந்துகொண்ட அதே முறையில்தான் இதையும் செய்திருக்கிறார். எனக்கு அவர்மேல் அடக்கமுடியாத கோபம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது.

முகத்தைக் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தேன். அப்பா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். அக்கம்பக்கத்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி பைய கேட்டார்.

“ஒங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதியா? துக்கத்துக்கு ஒரு கடுதாசி போட்டா, அது தொடர்புன்னு ஆயிருமா?”

“ஆகாதுப்பா,” என்றேன். “எழுதுங்க. ஒண்ணும் ஆகாது.”

“நெசமாத்தானா? ஒனக்கு ஒண்ணும் வராதுல்லா?”

“வராதுப்பா.”

அவர் நீட்டியிருந்த கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப, முன்னாலயே எழுதியிருக்கலாமோ?”

இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அப்பாவின் பார்வையில் அப்போது வேறெதுவும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

“இல்லப்பா. முன்னால முடியாது. இந்த வருசம்தான் விதிய மாத்தியிருக்காங்க.”

“அதான பாத்தேன்,” என்றார் அப்பா. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, சித்திக்கு எழுதக் காகிதம் எடுத்து வரச் சொன்னார்.